என் மகள் வங்கியில் இருக்கிறாள்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த வருடம் வங்கியில் டைரி அடிக்கவில்லையாம். சிக்கனமாம். போன வருடத்து டைரி அலமாரியில் புதிதாகவே கிடந்தது. அப்போது எனக்குக் கண்புரை அறுவை நடந்ததால் நான் அதைத் தொடவில்லை. அதிலேயே எழுதுகிறேன். கிழமைதான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அச்சில் சனி என்று இருப்பதை அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

இன்றைக்குப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். சிங்கப்பூர் வங்கிகளில் ஆட்குறைப்பு. கணினியே செய்துவிடும் வேலைகளுக்கு இனி ஆள் தேவையில்லையாம். மீதி வேலை இந்தியாவுக்குப் போகிறதாம். பூங்கோதையின் வங்கிப் பெயரும் இருந்தது. இரண்டு தரம் படித்தேன்.

பூங்கோதை என் ஒரே மகள். அதிகாரி. கப்பலில் போகிற சரக்குக்கு வங்கி பொறுப்பேற்றுக் கொடுக்கும் பத்திரங்களைச் சரிபார்க்கிறாள். ஒரு எழுத்து பிசகினாலும் கண்டுபிடிப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்து அதே வங்கிதான். என் வீட்டுக்காரர் அங்கே பியூனாக இருந்தார், மாடி மாடியாகத் தபால் தூக்கினார். அவர் நின்றுகொண்டே காலம் தள்ளிய கட்டடத்தில் என் மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ, எனக்கே தெரியாது. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

சாயந்தரம் வந்ததும் கேட்டேன்.

"ஆமாம்மா, பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று செருப்பைக் கழற்றினாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது.

"ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியலம்மா. கோப்பி இருக்கா?"

அவ்வளவுதான். அவள் எதையும் வெளியே சொல்ல மாட்டாள். அப்பாவைப் போல.

பிப்ரவரி 6, வியாழன்

மழை. துணிக்கம்பில் போட்டது எதுவும் காயவில்லை. பூங்கோதை ரசஞ்சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, கை தட்டில் இருக்கும்போதே தூங்கிப்போனாள். வேலை போய்விடுமோ என்ற கவலை ஆளை அரிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்கள் வீட்டு நடு அறையில் ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். பெயர் சங்கரேஸ்வரி, கோவில்பட்டிப் பக்கம். அவளும் அதே வங்கி, அதே பிரிவு. ஆனால் நிரந்தரம் இல்லை, ஒப்பந்த வேலை. வருடா வருடம் வேலை அனுமதியைப் புதுப்பித்தால்தான் இந்த ஊரில் இருக்கலாம். இருக்க இடமில்லாமல் அலைகிறாள் என்று பூங்கோதைதான் கூட்டி வந்தாள். வந்த நாளிலிருந்து என்னை ஆச்சி என்கிறாள். நான் என்ன அவளுக்கு ஆச்சியா என்று முதலில் நினைத்தேன். இப்போது பழகிவிட்டது.

காலையில் பசாரில் ஜெகதாவைப் பார்த்தேன். ஏழாம் மாடிக்காரி, இந்த ஊர்ப் பேச்சுப்படி 'லா' போடாமல் முடிக்க மாட்டாள். மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"பேப்பர் பாத்தீங்களா தையக்கா? நம்ம பிள்ளைங்கள அனுப்பிட்டு எல்லாத்தையும் அங்கேருந்து எறக்குறாங்க லா."

"கணினிதானாம் காரணம்."

"கணினியா ஒங்க வீட்டு ரூம்ல சட்டை காயப் போட்டிருக்கு? போங்கக்கா. ஒங்க மக எடத்தப் புடிக்க வந்தவளுக்கு நீங்களே மீன் வாங்கிட்டுப் போறீங்க."

மீன்காரன் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஜெகதா பேசும் விதத்தைப் பார்த்தே சிரிப்பான்.

இராத்திரிச் சாப்பாட்டில் நான் சும்மாதான் கேட்டேன், "வெளிநாட்டு ஆளுங்கள இப்படி எடுத்தா நம்ம பிள்ளைங்க எங்க போறது?" என்று. மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்தார். பேருந்து ஓட்டிவிட்டு வந்தால் அவருக்குப் பேசத் தெம்பிருக்காது. பேத்தி ஓவியாதான் பொங்கினாள்.

"பாட்டி, ஈஸ்வரி அக்கா ரூம்ல இருக்காங்க. காது கேக்கும்."

"கேக்கட்டுமே. நான் அவளையா சொன்னேன்?"

"பின்ன யார சொன்னீங்க?"

பாலிடெக்னிக் போனதும் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கிறாள். நான் அவளையும் சொல்லவில்லை, யாரையும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மீனை ஈஸ்வரிக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தேன். வஞ்சகமில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பூங்கோதை விடுப்பு எடுத்தாள். கோயிலுக்கு வரவில்லை, மத்தியானம் வரை தூங்கினாள். நானும் ஓவியாவும் போய்விட்டு வந்தோம். வெயில். அவள் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்தேன், வேலை நிலைக்க வேண்டும் என்று.

பிப்ரவரி 15, சனி

பூங்கோதைக்கு என்னவோ ஆகிவிட்டது. நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். வட்டார நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம். முழங்கால் வரை மூடுகிற ஒரு உடுப்பும் வாங்கி வந்திருக்கிறாள். ஓவியா அதை விரித்துப் பார்த்துச் சிரிக்க, இவளும் சிரிக்கிறாள். சிரித்து நாளாயிற்று.

"வகுப்பு என்னைக்கு?" என்றேன்.

"வாரநாள்ல, காலையில."

"வாரநாள்ல நீ ஆபீஸ்ல இருப்பியே."

ஓவியா அம்மாவைப் பார்த்தாள். இவள் உடுப்பை மடித்தாள்.

"வேலை போனாத்தான் என்னம்மா? சோறு இல்லாமலா போயிடும்? வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சு. அவரு ஓட்டுறாரு."

பாவம், தைரியம் சொல்லிக்கொள்கிறாள். எனக்குத் தெரியாதா? வயிற்றில் நெருப்பு இருக்கும்போதுதான் மனிதர்கள் இப்படி இல்லாத கூத்தெல்லாம் செய்வார்கள். நான் சொன்னேன், "ஒங்கப்பா இருந்திருந்தா இந்தப் பேச்ச கேட்டுக்கிட்டு இருப்பாரா? வங்கில அதிகாரின்னா சும்மாவா?" அவள் தாழ்வாரத்துக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.

"காலையில இங்க இப்படி ஒரு காத்து வருதே, எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

சாப்பாட்டு மேசையில் பூங்கோதையும் ஈஸ்வரியும் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். பத்திரத்தில் கப்பல் பெயர் ஒன்றாக இருந்து துறைமுகம் வேறாக இருந்தால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று இவள் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள்.

"இதெல்லாம் ஒனக்கு அத்துப்படி ஆகணும் ஈஸ்வரி. நான் இல்லன்னாலும் ஓடணும்."

"நீங்க இல்லாம எப்படிக்கா? ஒத்தையா நின்னா எனக்குக் கை நடுங்குமே."

"நடுங்காது. நடுங்குனா ஒரு கோப்பி குடிச்சிட்டு பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இல்லன்னாலும் என்கிறாள்! தன் நாற்காலியைத் தானே துடைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளும் வாய் திறக்காமல் துடைத்துக் கொடுக்கிறாள், அதுவும் என் வீட்டு மேசையில், நான் நறுக்கிய அவரைக்காயைத் தின்கிறவளுக்கு.

காயில் பாதி முற்றல். அந்தக் கடையில் இனி வாங்கக்கூடாது.

பிப்ரவரி 20, வியாழன்

ஜெகதாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும்.

"அழுதுக்கிட்டு ஒக்காந்திருந்தா ஆகுமா? திங்கக்கிழம எம்பியப் போய்ப் பாருங்க. என் மருமகனுக்கு ஆஸ்பத்திரி விஷயத்துல கடிதம் குடுத்தாரே. ரெண்டு வாரத்துல பதில் வந்துச்சு."

"பூங்கோதைக்குத் தெரிஞ்சா கத்துவா."

"பெத்தவ நீங்க. அவகிட்ட என்ன உத்தரவு வாங்குறது?"

அதுவும் சரிதான்.

பிப்ரவரி 24, திங்கள்

போய்விட்டு வந்தேன்.

எங்கள் தொகுதி எம்.பி. திங்கட்கிழமை சாயந்தரம் அடுத்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மக்களைப் பார்க்கிறார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் தொண்டூழியர்கள் நம் குறையைக் கேட்டுக் கடிதத்தைக் கணினியில் தட்டிவைப்பார்கள், அதன்பிறகு எம்.பி. பார்த்துக் கையெழுத்திடுவார். எனக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கிழவர். வீடு ஒழுகுகிறதாம். கையால் கூரையைக் காட்டினார். நானும் மகளைக் கையாலேயே காட்ட முடிந்திருந்தால் காட்டியிருப்பேன்.

எனக்கு வாய்த்தது தமிழ்ப்பெண், சுகுணா. ஆசிரியையாம். நல்ல மரியாதை.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

சொன்னேன். என் வீட்டுக்காரர் பியூனாக இருந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகத் தட்டினாள்.

"மகள் வேலைய இன்னொருத்தருக்குக் கத்துக் குடுக்கச் சொல்லியிருக்காங்களா? அந்த நபர் வெளிநாட்டவரா? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்லதான் இருக்கா."

தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பேர் சொன்னா கடிதத்துல தெளிவா இருக்கும். கட்டாயமில்லம்மா."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். வீட்டில் இருக்கிற பெண்ணின் பெயர்தானே, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்ப்பெண்தான், ஆனாலும் சங்கரேஸ்வரி என்பதை ஆங்கிலத்தில் தட்டத் தடுமாறினாள்.

எம்.பி. எழுந்து நின்று கை கொடுத்தார். "ஆண்ட்டி, டோன்ட் வொரி" என்றார். ரொம்ப இளவயது.

வீட்டுக்கு வந்தபோது ஈஸ்வரி என் துணிகளையும் எடுத்து மடித்து வைத்திருந்தாள். நான் யாரையும் துரத்தச் சொல்லவில்லை. என் மகளை வைத்துக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

ஈஸ்வரி இன்று சமையலறைக்கு வந்துவிட்டாள். அவள் ஊர்ப் பக்கத்துச் சேவு போட்ட குழம்பு வைக்கிறேன் என்றாள். காராச்சேவைக் கொதிக்கிற புளிக்குழம்பில் போடுகிறாள். பார்த்தால் அநியாயமாக இருந்தது, சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் அம்மா மே மாதம் வருகிறாளாம். டிக்கெட் எடுத்தாயிற்றாம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அம்மா, விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி.

"ஏரோப்ளேன்ல குளிரும்னு யாரோ சொல்லிட்டாக ஆச்சி. ஸ்வெட்டர் வாங்கிட்டா. வெயில்ல போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கா. தெருவே சிரிக்குது."

"எங்க தங்க வைப்ப?"

"என் ரூம்லதான். அக்கா சரின்னுட்டாக. ஆச்சிகிட்ட பேச ஆளு கெடைக்கும்ல அம்மாவுக்கு?"

நான் குழம்பைக் கிண்டினேன்.

"தாத்தாவுக்கு எந்த ஊரு ஆச்சி?"

"மன்னார்குடிப் பக்கம்."

"அப்ப தாத்தாவும் எங்கள மாதிரி வேலைக்கு வந்தவுகதானா?"

"அது வேற காலம்" என்றேன். அடுப்பில் கண் எரிந்தது. அவர் வந்த காலம் வேறுதான். அப்போது யாரும் யாருடைய நாற்காலியையும் பிடிக்க வரவில்லை. அவருக்கு நாற்காலியே கிடையாது.

மார்ச் 8, சனி

அம்மா வரும்போது உங்களுக்கு என்ன கொண்டுவர என்று ஈஸ்வரி கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாள். கருப்பட்டி என்றேன்.

மார்ச் 12, புதன்

சுகுணா போன் செய்தாள். கடிதம் போய்விட்டதாம். வேலை விவகாரங்களைப் பார்க்கிற அரசாங்க அமைச்சுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறதாம். வங்கியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். "நல்லபடியா நடக்கும்மா" என்றாள். நான் குரலைத் தணித்துக்கொண்டு பேசினேன், ஓவியா குளியலறையில் இருந்ததால்.

முட்டி வலி. எண்ணெய் தீர்ந்துவிட்டது.

மார்ச் 19, புதன்

ஈஸ்வரி மத்தியானமே வந்துவிட்டாள். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றாள். பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"என்னய வேண்டாம்னுட்டாக ஆச்சி."

"யாரு?"

"ஆபீஸ்ல. ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி, புதுப்பிக்கல. அனுமதியையும் ரத்து பண்ணிருவாக. அப்புறம் ஊருக்குக் கெளம்பணும்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். இந்த நிலையிலும் கழுவி வைக்கிறாள்.

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லேல்ல?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அக்காவ வச்சுக்கிட்டாக ஆச்சி. அதுவரைக்கும் நல்லது."

சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கேற்ற வேண்டுமென்று தோன்றியது, ஏற்றவில்லை. சாயந்தரம்தானே ஏற்ற வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பூங்கோதை வந்து, குளித்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஈஸ்வரி வெளியே போயிருந்தாள், பெட்டி வாங்க.

"அம்மா, எம்பியப் போய்ப் பாத்தியா?"

"யாரு சொன்னா?"

"பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். ஒனக்காகத்தான் பாத்தேன்."

"இங்க உள்ளவங்கள அனுப்பிட்டு வெளிநாட்டு ஆள வைக்கிறீங்களான்னு மேலேருந்து கேட்டிருக்காங்க. கடிதத்துல ஈஸ்வரி பேரு இருக்காம். இன்னைக்கு என் மேலதிகாரி என்னக் கூப்ட்டு, ஒங்க அம்மா மனு குடுத்தாங்களேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

"சரி. ஒனக்கு வேலை நெலைச்சுச்சா இல்லையா?"

"நெலைச்சுச்சு."

"அப்புறம் என்னடி?"

அவள் என்னைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நான் போறேன்னு எழுதிக் குடுத்திருந்தேன்மா. விருப்பப்பட்டுப் போறவங்க பேரு குடுக்கலாம்னாங்க. மொத நாளே குடுத்துட்டேன். கிட்டத்தட்ட சரின்னும் சொல்லிட்டாங்க. ஈஸ்வரிக்கு வேலைய ஒப்படைச்சிட்டு மார்ச்சோட வெளிய வர்றதா இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. எதை ஒப்படைப்பது, ஏன் வெளியே வருவது?

"இப்ப, உள்ளூர் ஆளு யாரையும் அனுப்புறதா இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க, கேள்வி வந்துருச்சுல்ல. என் பேர எடுத்துட்டாங்க. அவ பாத்த வேலையையும் சேத்து நானே பாக்கணுமாம்."

"வேணாம்னா நீயா விட்டுட வேண்டியதுதானே?"

"நானா விட்டா வெறுங்கையோட வரணும். அவங்களா அனுப்புனாத்தான் இத்தன வருஷத்துக்கு ஏதாச்சும் குடுப்பாங்க. அத வச்சு ஓவியா படிப்ப முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டோம்."

போட்டோம் என்றாள். மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஓவியாவுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த நீச்சல் உடுப்பை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவும் மகளும் எனக்கு முன்னால் சிரித்திருக்கிறார்கள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா? கீழ போய் எல்லார்கிட்டயும் நான் என்ன சொல்லுவேன்னுதான் கேட்டிருப்ப."

"அப்பா நின்ன எடத்துல…"

"அப்பா கால் வலிச்சு நின்னாரும்மா. எனக்கு ஒக்காந்தே வலிக்குது. நான் களைச்சுப் போயிட்டேன். இதச் சொல்ல எனக்கு இந்த வீட்ல ஒரு எடமும் இல்ல."

அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். வாசலிலேயே நிலைமை தெரிந்திருக்கும் போல. "விடுங்க அத்தை, சோறு போடுங்க" என்றார். போட்டேன். அவர் மட்டும்தான் சாப்பிட்டார்.

நான் செய்ததில் தப்பில்லை. எந்தத் தாயும் செய்வாள். சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். சொல்லாதது அவர்கள் தப்பு.

மார்ச் 22, சனி

பூங்கோதை பேசுகிறாள். உப்பு இருக்கா, துணி எடுத்தாச்சா, மாத்திரை போட்டியா. பேசாமல் முறைத்துக்கொண்டு இருந்தாலாவது நான் சண்டைக்குப் போகலாம்.

மனு கொடுத்தது யார் என்று ஈஸ்வரியிடம் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வெண்டைக்காய். மோர். யாருக்கும் பசி இல்லை.

மார்ச் 29, சனி

ஈஸ்வரி போய்விட்டாள்.

காலையில் இட்லி ஊற்றினேன். பூங்கோதையும் ஓவியாவும் விமான நிலையத்துக்குக் கூடப் போனார்கள். கிளம்புவதற்கு முன் ஈஸ்வரி என் அறைக்கு வந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், முட்டி வலி என்று.

"யாரோ மனு குடுத்துட்டாகளாம் ஆச்சி. பேர் போட்டே குடுத்திருக்காக. ஆபீஸ்ல யாராச்சும் இருக்கும். அவுகளுக்கு என்ன கஷ்டமோ, நமக்கென்ன தெரியும்."

நான் முட்டியைத் தடவினேன்.

"அம்மாகிட்ட சொன்னியா?" என்றேன் பிறகு.

"சொல்லல. நேர்ல போய் நின்னா தெரிஞ்சிரும்ல. டிக்கெட்டுக்குத்தான் ஒண்ணும் திரும்பத் தர மாட்டேங்கான். ஸ்வெட்டர வேணா கோயிலுக்குப் போட்டுட்டுப் போவா, மார்கழிக்கு."

சிரித்தாள். காலில் விழுந்தாள். திருநீறு பூசிவிட்டேன். பூசும்போது என் கை அவள் நெற்றியில் தங்கிவிட்டது, அவள்தான் மெதுவாகத் தலையை எடுத்துக்கொண்டாள்.

"அக்காவப் பாத்துக்கோங்க ஆச்சி. ரெண்டு ஆளு வேல. ஒடம்பு தாங்காது."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவள் உடம்பு தாங்காது என்று. வீட்டில் வாடகைக்கு இருந்தவளுக்குக்கூட.

நடு அறையைக் கூட்டினேன். ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை. சுவரில் படம் ஒட்டிய இடத்தைக்கூடச் சுரண்டித் துடைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 2, புதன்

பூங்கோதை எட்டு மணிக்கு மேல்தான் வருகிறாள். வந்து மறுபடி மடிக்கணினியைத் திறக்கிறாள். நீச்சல் உடுப்பை விலைச்சீட்டோடு ஓவியாவின் தோழியின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

கீழே ஜெகதா நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "தையக்கா போனா எம்பியே எந்திரிச்சு நிப்பாரு லா" என்று பெருமை அடித்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்தேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தி கேட்டாள். வங்கியில் இருக்கிறாள் என்றேன். அந்த வார்த்தை வழக்கமாக என் வாயில் இனிக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்றைக்கு மறுபடியும் எம்.பி.யைப் பார்க்கப் போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் யாரும் இல்லை, ஓவியா நூலகத்தில், மாப்பிள்ளை இரண்டாம் ஷிப்டில்.

கேட்பதை லிஃப்டில் நின்றுகொண்டு சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் மகளுக்கு வேலை வேண்டாம், அவளாகக் கேட்டபடி அனுப்பிவிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட முடியுமா என்றும் எழுதுங்கள். பெயர் சங்கரேஸ்வரி. உங்களிடம் இருக்கும். இவ்வளவுதான். சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரப் பேச்சாகப் பட்டது. வேலை போகக்கூடாது என்று அழுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வேலை போக வேண்டும் என்று எப்படிக் கேட்பது? இருந்தாலும் கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

கூட்டம் அதிகம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தமிழ்ப்பெண், ஐம்பது வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஆட்குறைப்பு என்றாள், நான் கேட்காமலே. கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறதாம்.

என் முறை வருவதற்கு முன்பே சுகுணா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அம்மா! எங்களுக்கும் பதில் வந்துச்சு. மகளுக்கு வேலை நிலைச்சிடுச்சாமே! நானே போன் பண்ணணும்னு இருந்தேன். எத்தனையோ பேருக்கு எழுதறோம், ஒருத்தருக்காவது நடந்தா எங்களுக்கும் தெம்பா இருக்கு. இன்னைக்கு என்ன விஷயமா வந்தீங்க?"

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களில் இருந்ததை என்னால் எழுத முடியவில்லை.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன்.

சுகுணா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எம்.பி.யிடமும் சொல்கிறேன் என்றாள். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "பாத்தீங்களா, இந்தம்மாவுக்கு நடந்துச்சு, நம்பிக்கையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் இழுத்தாள்.

"அக்கா, நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன்."

"யார் பேரையாச்சும் சொன்னீங்களா?"

"என் மக பேரச் சொன்னேன்."

"அது மட்டும் போதுமாக்கா?" குரலைத் தணித்தாள். "எம்மவன் எடத்துல இருக்கறது ஒரு ஊர்க்காரப் பையன். இந்தியாவுல இருந்து வந்தவன். கிருபாகரன்னு பேரு. தீபாவளிக்கு எங்க வீட்லதான் சாப்ட்டான். நல்ல பையன்தான். சொல்லலாமாக்கா, பேர?"

சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேசைக்குப் போனாள்.